கர்ரா சமவெளியின் புல்தரையில் வாகனங்கள் ஏறுவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கர்ரா சமவெளியைச் சுற்றிக் குடியிருப்போர், ஆட்டு மேய்ச்சல் உரிமை உடையோர், பந்தயக் குதிரைப் பயிற்சியில் உள்ளோர்,
கில்டேர் கவுண்டி, அயர்லாந்து.

பெறுநர்:
சமவெளிப் பராமரிப்புக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள்.

பொருள்: கர்ரா சமவெளி – சாலையோரம் மரக்கட்டைகள் நட்டு வாகனங்களைத் தடுத்தல் – சேதமான புல்தரையை முறையாகச் சீர்செய்தல் – கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்னர் அனுப்பிய எங்கள் மனுக்கள் (பதில் கிடைக்கப்பெறவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கர்ரா எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்று தங்களுக்கு நாங்கள் எழுதத் தேவையில்லை. நியூபிரிட்ஜிலிருந்து கில்டேர் நகருக்கு ஆர் 445 சாலையில் போகிற எவருக்கும் இரண்டு பக்கமும் வேலியில்லாமல் விரிந்து கிடக்கும் அந்தப் புல்வெளி தெரியும். சாலை ஓரத்திலிருந்து அதற்குள் ஏறிப்போகும் பழுப்புக் கோடுகளும் தெரியும். இந்த மனு அந்தக் கோடுகளைப் பற்றியது. முன்பு அனுப்பியவை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடப்பதால், இம்முறை அளவுகளோடும் காரணங்களோடும் எழுதுகிறோம். பொறுமையுடன் படித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

1. சமவெளி சுமார் 5,000 ஏக்கர். பனியுகத்தின் முடிவில் உருகிய நீர் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும்தான் இதன் அடிநிலம். மழைநீர் தேங்காமல் இறங்கிவிடும். தரை மிதித்தால் மெத்தென்று எழும்பும். குதிரை ஓட்ட வந்தவர்களும் படையை இறக்க வந்தவர்களும் இந்த இடத்தைத் தேடி வந்ததற்கு இதுவே காரணம். 1790-இல் குதிரைப் பந்தயங்களை நெறிப்படுத்தும் டர்ஃப் கிளப் தொடங்கும் முன்பே இங்கு பந்தயம் நடந்திருக்கிறது. 1866-இல் முதல் ஐரிஷ் டெர்பி. இன்று கிளாசிக் எனப்படும், அயர்லாந்தின் தலைசிறந்த ஐந்து குதிரைப் பந்தயங்களும் இங்கேயே ஓடுகின்றன. கிரிமியப் போர்க் காலத்தில், 1855-இல், 10,000 காலாட்படையினருக்கான முகாமை இந்தத் தரையில்தான் எழுப்பினார்கள். 1914 மார்ச்சில், அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டர் மீது ஏவப்பட்டால் பதவியைத் துறப்போம் என்று பிரிட்டிஷ் படைத்தளபதி ஹியூபர்ட் காஃபும் அவருடைய குதிரைப்படை அதிகாரிகளும் நின்றது இந்த முகாமில். 1922 மே 16 அன்று முகாம் ஐரிஷ் படையின் கைக்கு வந்தது. 1928-இல் அதன் ஏழு பாசறைகளுக்கும் 1916-ஆம் ஆண்டு அயர்லாந்து விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட எழுவரின் பெயர்கள் சூட்டப்பட்டன. தங்களுக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுவதற்குக் காரணம் உண்டு. முகாமையும் பந்தயத் திடலின் கட்டடங்களையும் விட்டால், இங்கு நடந்த எதற்கும் சுவரோ கூரையோ சாட்சியாக இல்லை. எல்லாம் புல்லின் மேல்பரப்பில்தான் இருக்கிறது. முழங்கால் உயரம்கூட இல்லாத வட்ட மண்மேடுகள் பழங்காலப் புதைமேடுகள். 1944-இல் சிலவற்றை அகழ்ந்து பார்த்தார்கள். முதல் உலகப் போர்க்காலப் பயிற்சிப் பதுங்குகுழிகள் இன்று லேசான பள்ளங்களாக மட்டுமே தெரிகின்றன. கிப்பெட் ராத்தில், 1798 மே 29 அன்று, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்து, பின் சரணடைய வந்த கிளர்ச்சியாளர்கள் நூற்றுக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்ட இடத்தில், மிஞ்சியிருப்பது ஒரு மண்வரம்பு.

2. இனி, எங்களை அதிகம் வருத்தும் விஷயம்.

புல்தரையை ஒரு மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால் மேலே நாலு விரற்கடைக்குக் கருத்த வேர்ப்பாய் இருக்கும். அதற்குக் கீழே மஞ்சள் பழுப்பான மணல் சரளை. அந்த நாலு விரற்கடைதான் கர்ரா. மிக நீண்ட காலமாக ஏரோட்டாமல், உரமிடாமல், ஆடுகள் மட்டுமே மேய்ந்து உண்டான பாய் அது. பென்ட், ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய, மெதுவாக வளரும் புற்கள் அதில் பின்னிக் கிடக்கின்றன.

அக்டோபர் முதல் மார்ச் வரை இந்தப் பாய் ஈரமாகவே இருக்கும். அப்போது ஒரு கார் ஏறினால் புல் படுக்கும், வேறொன்றும் தெரியாது. அடுத்த கார் அந்தத் தடத்தைப் பார்த்து அதிலேயே போகும். நான்கைந்து வண்டிகள் போனதும் சக்கரம் வழுக்கத் தொடங்கும். வழுக்கும் சக்கரம் பாயைச் சுருட்டிப் பிய்த்துவிடும். சரளை வெளியே வரும். தடம் ஒரு சாண் ஆழத்துக்குப் போகும். பிறகு வருகிறவர் பள்ளத்துக்குப் பயந்து பக்கத்துப் புல்லில் ஏறுவார். ஒற்றைத் தடம் இரண்டாகும், நாலாகும், ஒரு குளிர்காலத்துக்குள் சாலை அகலத்துக்குச் சேறாகும். நான்கு சக்கர இயக்க வண்டிகளும் மேடுபள்ளங்களில் ஓட்டும் ஸ்கிராம்பிளர் பைக்குகளும் வேண்டுமென்றே சுழற்றிவிட்டுப் போகும் வட்டங்கள் இதற்கு மேலே.

விதைத்து வளர்த்த பண்ணைப் புல் ஒரு பருவத்தில் மூடிக்கொள்ளும். இது மூடாது. பாய் கிழிந்த இடத்தில் முதலில் வருவது ராக்வொர்ட். வெற்று மண் கிடைத்தால் எளிதில் முளைக்கும் களை அது. குதிரையின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. அயர்லாந்தின் 1936-ஆம் ஆண்டு களைச் சட்டத்திலேயே அதற்கு இடமுண்டு. நாட்டின் பந்தயக் குதிரைகள் பயிற்சி பெறும் நிலத்தில், அந்தக் களைக்கு நாற்றங்காலை நாமே அமைத்துக் கொடுக்கலாமா?

வாக்ஸ்கேப் காளான்களையும் சொல்ல வேண்டும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை சிவப்பும் மஞ்சளுமாகப் புல்லுக்குள் எட்டிப்பார்க்கும் அவை, பெரும்பாலும் உழாத, உரம் படாத பழைய புல்வெளியில் வாழ்பவை. அவற்றின் இழைகள் இந்த மேற்பாயில்தான் ஓடுகின்றன. சரியாக அந்த மாதங்களில்தான் தரை நனைகிறது, சக்கரம் கிழிக்கிறது.

இனி குதிரைகள். காலை மூடுபனியில் வரிசையாகப் பயிற்சிக்கு வரும் குதிரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 500 கிலோ எடை. முழு வேகத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர். புல் சாய்ந்து மறைத்த ஒரு சாண் பள்ளத்தில் முன்னங்கால் இறங்கினால் கணுக்கால் எலும்பு முறியும். அப்படி முறிந்த குதிரைக்குப் பெரும்பாலும் மருத்துவம் இல்லை, கருணைக்கொலைதான். மேலே இருப்பவர் கதி என்ன என்று எழுத மனம் வரவில்லை.

3. டானலி பள்ளம். 1815 டிசம்பர் 13 அன்று ஐரிஷ் குத்துச்சண்டை வீரர் டான் டானலி, ஆங்கிலேய வீரர் ஜார்ஜ் கூப்பரை 11 சுற்றுகளில் வீழ்த்திய இடம். வென்றபின் அவர் பள்ளத்தைவிட்டு ஏறிப்போன காலடிகள் என்று காட்டப்படும் குழிகள் இன்றும் சரிவில் இருக்கின்றன. வருகிறவர்கள் அதே குழிகளில் கால்வைத்து ஏறுவதால் அவை தூர்ந்துபோகாமல் இருக்கின்றன. ஒரு குழியில் கையை விட்டுப் பாருங்கள்: ஓரம் முழுக்க உயிருள்ள புல், அடியில் இறுகிய மண், உள்ளங்கை அளவு ஈரம். பாதம் புல்லை அழுத்தும், சக்கரம் புல்லைக் கிழிக்கும். இந்தச் சரிவில் ஒரே ஒரு வண்டி ஒரே ஒரு மழை நாளில் ஏறி இறங்கினால் போதும். இருநூறு ஆண்டுகளாக எத்தனையோ பேர் கால்வைத்துக் காத்தது அன்றே போய்விடும். பிறகு யார் வந்து நடந்து அதை உண்டாக்குவது?

4. கொண்டுவந்து விட்டுப்போகும், கொளுத்திவிட்டுப் போகும் கார்கள். எண்ணெய் நேரே சரளைக்குள் இறங்குகிறது. இந்தச் சரளைக்குள் இறங்கும் நீர்தான் பொலார்ட்ஸ்டவுன் சதுப்பில் ஊற்றாக எழுகிறது. அங்கிருந்து கிராண்ட் கால்வாய்க்குப் போகிறது. கில்டேர் புறவழிச்சாலை போட்டபோது இந்த நிலத்தடி நீருக்காகத்தான் அத்தனை எச்சரிக்கையும் எடுத்தார்கள்.

5. எங்கள் கோரிக்கை பெரிதல்ல. சாலையோரம் மரக்கட்டைகள் நடுங்கள்.

ஓக் கட்டை; 15 சென்டிமீட்டர் தடிமன்; தரைக்கு மேல் 70 சென்டிமீட்டர், மண்ணுக்குள் அதே அளவு. தலை சரிவாகச் செதுக்கியிருக்க வேண்டும். தட்டையாக விட்டால் நீர் தங்கி உளுக்கும். இரண்டு கட்டைகளுக்கு இடையே 1.4 மீட்டர். சிறிய காரே 1.6 மீட்டர் அகலம் என்பதால் உள்ளே போகாது. ஆடு போகும், நடப்பவர் போவார், குதிரையை ஒருவர் பிடித்துக்கொண்டும் போகலாம். குழியைச் சுற்றி சிமென்ட் போட வேண்டாம். இந்த மேல்மண் அமிலத்தன்மை உடையது. சிமென்ட்டின் சுண்ணாம்பு கசிந்தால் சுற்றியுள்ள புல்லின் வகையே மாறிவிடும். தோண்டிய சரளையையே ஒரு கை அளவு போட்டுக் குத்தி, மறுபடி போட்டுக் குத்தினால் கட்டை அசையாது.

அகழி வெட்டி மண்ணை வரப்பாகக் குவிப்பது மலிவு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அகழி புதைமேடுகளையும் பதுங்குகுழிகளையும் அறுத்துக்கொண்டு போகும். குதிரைக்கு அதுவே இன்னொரு பள்ளம். மேடுகளுக்கு அருகில் கட்டைக்குக்கூடக் குழி தோண்டாமல் பாறைகளைத் தரைமேல் வைத்தால் போதும். மற்ற இடங்களில் குழி எடுக்கும்போது தொல்லியல் அறிந்தவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

ஆங்காங்கே பூட்டுள்ள, கழற்றக்கூடிய தடுப்புக் கம்பிகள் தேவை. வறண்ட வசந்தத்தில் ஃபர்ஸ் என்ற முட்புதர்கள் பற்றிக்கொள்ளும். தீயணைப்பு வண்டி உள்ளே வந்தாக வேண்டும். சாவி தீயணைப்பு நிலையத்திலும் ராணுவ முகாமிலும் இருக்கட்டும். இதை மறந்துவிட்டுக் கட்டை நட்டால் முதல் தீயின்போதே வழிக்காகக் கட்டைகளைப் பிடுங்குவார்கள். பிடுங்கிய இடம் மறுபடி வாசலாகிவிடும்.

பைக்குகளைக் கட்டை தடுக்காது. அதற்குக் காவலர் வேண்டும், வார இறுதிகளிலும் இருட்டிய பின்னும். சமவெளிக்கென்று 1868, 1870, 1961-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இருக்கின்றன, துணைவிதிகள் இருக்கின்றன. எதுவும் புதிதாக இயற்ற வேண்டியதில்லை. இருப்பதை நடைமுறைப்படுத்த ஆள்தான் இல்லை.

6. ஆர் 445 சாலையில் ஆடுகள் அடிபடுவதைப் பற்றித் தனி மனு கொடுத்திருக்கிறோம். அதற்கும் பதில் இல்லை.

7. சீர்செய்வதைப் பற்றி. இதுவரை நடந்ததே எங்களை இன்னும் பதறவைக்கிறது. பள்ளத்தில் உடைகல் கொட்டுகிறார்கள். உடைகல் கொட்டினால் அது பாதை. அடுத்த வண்டிக்கு விரித்துவைத்த அழைப்பு. வேறு எங்கிருந்தோ வளமான மேல்மண் கொண்டுவந்து நிரப்பி வேகமாக வளரும் ரைகிராஸ் என்ற பண்ணைப் புல்லை விதைத்தால் இரண்டு மாதத்தில் பச்சை தெரியும், எல்லோருக்கும் திருப்தி. அந்தப் பச்சை கர்ராவின் புல் இல்லை, ஐயா. அது வளர்ந்து பக்கத்திலுள்ள மெல்லிய புல்லையும் மூடும். அந்த மண்ணின் உரச்சத்து கசிந்து காளான்களைக் கொல்லும்.

செய்ய வேண்டியது இது: ஏப்ரலில், தரை ஈரமாக இருந்தும் சொதசொதப்பு வடிந்த பின், தோட்ட முட்கரண்டியைப் பள்ளத்தின் ஓரத்தில் குத்தி, நசுங்கிய அடிமண்ணை மெல்ல நெம்பி எழுப்ப வேண்டும். சுருண்டு கிடக்கும் புல்பாயை விரித்துப் பழைய இடத்திலேயே படுக்கவைக்க வேண்டும். குறைகிற இடத்துக்கு இங்குள்ள மணல் சரளையையே நிரப்ப வேண்டும். எடை குறைந்த உருளை ஒருமுறை போதும். உரம் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம். விதை வேண்டுமானால் கோடை முடிவில் இதே சமவெளியின் நல்ல பகுதியில் புல்லை அறுத்து, விதையோடு பரப்பிவிட்டால் முளைக்கும். பிறகு யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்ளாவிட்டால் இதில் எதுவும் செய்து பயனில்லை. அதனால்தான் 5-ஆவது கோரிக்கையை மறுபடி எழுதுகிறோம்:

கட்டை நடுங்கள். முதலில் கட்டை நடுங்கள். பழுதுபார்ப்பது அதற்குப் பிறகு.

8. பந்தய நாட்களில் வண்டி நிறுத்துவதை நாங்கள் எதிர்க்கவில்லை. டெர்பி ஜூன் கடைசியில் வருகிறது, தரை காய்ந்திருக்கும், வழிகாட்ட ஆட்கள் நிற்பார்கள். ராணுவப் பயிற்சியையும் எதிர்க்கவில்லை. இந்தச் சமவெளியின் வாழ்க்கையில் அவை இரண்டும் பாதி. எங்கள் குறை, யாரும் பார்க்காத நவம்பர் மாலையில், யாருடைய அனுமதியும் இல்லாமல் ஏறுகிற சக்கரத்தைப் பற்றி மட்டும்.

9. ஐயா, கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் எத்தனை முறைதான் கேட்பது? நிதி இல்லை என்றால் நிதி இல்லை என்று எழுதுங்கள். எங்கள் பொறுப்பில்லை, வேறு அலுவலகம் என்றால் எந்த அலுவலகம் என்று எழுதுங்கள். முழு நீளத்துக்கும் இப்போது முடியாது என்றால், டானலி பள்ளத்தைச் சுற்றியும் கிப்பெட் ராத் அருகிலும் பயிற்சித் தடங்களைச் சாலை தொடுகிற இடங்களிலும் மட்டுமாவது தொடங்குங்கள். எந்தெந்த இடம் என்று நடந்து காட்ட நாங்கள் வருகிறோம். குழி தோண்டவும் வருகிறோம். ஒன்றுமே எழுதாமல் இருப்பதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. நீங்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு குளிர்காலமும் தடம் இன்னும் உள்ளே போகிறது.

ஆகவே, வரும் அக்டோபர் மழைக்கு முன் குறைந்தபட்சம் மேற்சொன்ன மூன்று இடங்களில் மரக்கட்டைகள் நட உத்தரவிடுமாறும், உடைகல் கொட்டுவதை உடனே நிறுத்துமாறும், இந்த மனுவுக்கு எழுத்துமூலம் பதில் தருமாறும் தங்களைப் பணிவன்புடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கர்ரா சமவெளியைச் சுற்றி வாழ்வோர்

இணைப்பு: தடங்கள் விழுந்த இடங்களின் வரைபடம், புகைப்படங்கள், முன்னர் அனுப்பிய மனுக்களின் நகல்கள்.