மூன்றாவது ஆளுக்கு

மச்சான்,

முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிஞ்சுது எண்டு கேட்டு நிம்மதி. பேஸ் ட்ரம் பெடலை இப்பவே மிதிக்க வெளிக்கிடாதை. இங்க நாங்கள் சுகம். மகள் வேலை மாறி மான்செஸ்டருக்குப் போட்டாள். வீடு சத்தமில்லாமக் கிடக்கு, மனுசிக்கு அது பிடிச்சிருக்கு, எனக்குப் பிடிக்கேல்லை.

போன கிழமை லண்டன் நடுவில சோஹோப் பக்கம் போனன். தெரிஞ்ச பெடியன் ஒருத்தனுக்கு பேஸ் கிட்டார் ஒண்டு பாக்கவேணுமெண்டு கிட்டார் கடையள் இருக்கிற டென்மார்க் ஸ்ட்ரீட்டுக்குப் போய், வேலை முடிஞ்ச பிறகும் வீட்டை வர மனமில்லாம இருட்டுமட்டும் சுத்தினன்.

நீ கனடாவுக்குப் போகேக்க அஸ்டோரியா இசை மண்டபம் இருந்தது. 2009 தை மாதம் அதைப் பூட்டி, ரயில் திட்டத்துக்காக இடிச்சுப் போட்டாங்கள். 2022இல இருந்து அதடியில எலிசபெத் லைன் ரயில் ஓடுது. முன்னால பெரிய கட்டடம் முழுக்க வீடியோத் திரை, சனம் வாயைப் பிளந்து போன் பிடிச்சுக்கொண்டு நிக்குது. அதுக்குக் கீழ நிலத்துக்குள்ள புது மண்டபம் ஒண்டு, அஸ்டோரியா மாதிரியே ஏறக்குறைய 2000 பேர் கொள்ளும். அந்தக் கணக்கில பாத்தா ஒண்டும் தொலையேல்லை எண்டுதான் சொல்லவேணும். பேர் எடுத்தவனுக்கு இடம் எப்பவும் கிடைக்கும்.

எனக்குக் கவலை டென்மார்க் ஸ்ட்ரீட்டில இருந்த 12 பார் கிளப் எண்ட சின்ன இசைக்கூடம்தான். அந்தப் பழைய கொல்லன் பட்டறை ஞாபகமிருக்கே? கிட்டாரைத் திருப்பினா சுவரில இடிக்கும், சனம் மூக்குக்கு முன்னால நிக்கும். 2015 தொடக்கத்தில பூட்டிப்போட்டாங்கள். பட்டறை பாதுகாக்கப்பட்ட கட்டடம் எண்டபடியா இடிக்க ஏலாது. அதைத் தூக்கி விலத்தி, கீழ தோண்டி, திரும்பக் கொண்டுவந்து வைச்சிருக்கிறாங்கள்! கல்லு தப்பிட்டுது. அங்க செவ்வாய்க்கிழமை இரவு பதினைஞ்சு பேருக்கு முன்னால பிழையா வாசிச்சுப் பழகினதுகளுக்கு எந்தப் பாதுகாப்புச் சட்டம்? கிட்டார் கடையள் இப்பவும் இருக்கு, அதை மறைக்கக்கூடாது. ஆனா வாங்கின கிட்டாரை எங்க கொண்டுபோய் வாசிக்கிறது?

வோர்டர் ஸ்ட்ரீட் 90ஆம் இலக்கத்தையும் எட்டிப் பாத்தன். மார்க்கீ எண்ட பேர்போன ரொக் இசை கிளப் 1964இல இருந்து 1988 வரைக்கும் இருந்த இடம். நாங்கள் லண்டன் வந்து சேர அது பூட்டுற காலம். இப்ப மேல குடியிருப்பு. அங்க இருக்கிறவனை நான் திட்டமாட்டன். எனக்கே இப்ப பத்து மணிக்கு நித்திரை வருது. காசு குடுத்து வீடு வாங்கினவன் இரவில படுக்கவேணும்தானே. பிழை என்னெண்டா, முந்தியெல்லாம் கிளப்புக்குப் பக்கத்தில புதுசா வீடு கட்டிப்போட்டு, பிறகு கிளப்காரனைப் பாத்துச் சத்தத்தைக் குறை எண்டு சொல்லலாம். 2018இல இங்கிலாந்தின்ர திட்டமிடல் கொள்கையில அதைத் திருத்தி, புதுசாக் கட்டுறவன்தான் சத்தத்துக்கு வழி பாக்கவேணும் எண்டு எழுதினாங்கள். நல்ல விஷயம், ஆனா அதுக்கு முதலே, 2007க்கும் 2015க்கும் இடையில, லண்டனில சின்ன இசைக்கூடங்களில 35 வீதம் போய்ச் சேந்திட்டுது.

இதில உன்ர கதையும் இருக்கு. பாரில இரண்டு பேருக்கு மேல வாசிச்சா தனி லைசென்ஸ் வேணுமெண்டு பழைய சட்டம் இருந்ததெல்லே? நானும் கிட்டார்காரனும் மேடையில, நீ பாரில குந்தியிருந்து கிளாஸில கரண்டியால தட்டுவாய். ஆரும் கேட்டா "நான் வாடிக்கையாளன்" எண்டுவாய்! அந்தச் சட்டம் 2005 கார்த்திகையோட இல்லாமப் போச்சு. அதுக்குப் பதிலா வந்ததும் பெரிய தலையிடி, ஒரு ஆள் வாசிக்கிறதுக்கும் லைசென்ஸில எழுதியிருக்கவேணும். பிறகு 2012இல இன்னொரு சட்டம் வந்து, லைசென்ஸ் உள்ள பாரில 200 பேர் வரைக்கும் நிண்டு கேட்டா இரவு 11 மணிமட்டும் தாராளமா வாசிக்கலாம் எண்டு விட்டாங்கள். இப்ப அது 500 பேர். அதாவது ட்ரம்ஸ்காரனை மேடையில ஏத்தலாம் எண்டு அரசாங்கம் ஒத்துக்கொண்ட நேரம், சோஹோவில ஏத்துறதுக்கு மேடை இல்லை. வாடகை அப்பிடி. பதினைஞ்சு பேர் குடிக்கிற பியரில அந்த வாடகை கட்ட ஏலாது.

ஒக்ஸ்போர்ட் ஸ்ட்ரீட்டில 100 கிளப் மட்டும் தாக்குப்பிடிக்குது. 1942இல இருந்து அங்க ஜாஸ் வாசிக்கிறாங்கள். 2020இல வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் அதின்ர வணிக வரியை முழுக்கத் தள்ளுபடி செய்தது. ஆக, வேணுமெண்டா செய்யலாம். மனம்தான் வேணும்.

நீ ஆடியில வாறதெண்டால் 100 கிளப்புக்குக் கட்டாயம் போவம். ஸ்நேர் ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு வராதை, பெடியனிட்ட ஒண்டு இருக்கு. எங்கட கிட்டார்காரனையும் கேட்டன். அவன் வெள்ளிக்கிழமையில வரமாட்டானாம், கோயில் பஜனையில ஹார்மோனியம் வாசிக்கிறானாம். அங்க எத்தினை பேர் வாசிக்கிறாங்கள் எண்டு ஆரும் எண்ணுறேல்லையாம்.

டிக்கெட் போட்ட உடன திகதியைச் சொல்லு, ஹீத்ரோவுக்கு நான் வாறன்.

அன்புடன்,
உன்ர பேஸ்காரன்