ஸ்பீக்கர் கெடவில்லை, வேறு போனில் இணைந்திருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

பண்டிகைத் தள்ளுபடியில் வாங்கிய புளூடூத் ஸ்பீக்கர்கள் ஒரே வாரத்தில் கடைக்குத் திரும்பி வருவது வாடிக்கையாகிவிட்டது. 'போன்ல பேரே வரல', 'பேர் வருது, கனெக்ட் ஆகல' என்பவைதான் வழக்கமான புகார்கள். பெரும்பாலும் கருவியில் கோளாறு எதுவும் இருப்பதில்லை.

பேரிங் வேறு, கனெக்ட் வேறு. போனும் ஸ்பீக்கரும் முதல்முறை அறிமுகமாகிக்கொள்வதுதான் பேரிங்; அதை ஒருமுறை செய்தால் போதும். அப்போது உருவாகும் ரகசியச் சாவியைப் போனும் ஸ்பீக்கரும் ஆளுக்கொரு பிரதியாகச் சேமித்துக்கொள்கின்றன. அதன்பின் ஸ்பீக்கரை ஆன் செய்ததும் கடைசியாகப் பாடிய போனை அது தானே தேடிப் பிடிக்கும். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். உள்அறையில் சார்ஜில் கிடக்கும் மகனின் போனில் புளூடூத் ஆனில் இருந்தால், ஸ்பீக்கர் சத்தமில்லாமல் அதோடு சேர்ந்துவிடும். சாதாரண மாடல்கள் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் இணையும். இணைந்தபின் மற்ற போன்களின் தேடல் பட்டியலில் தலைகாட்டாது. அதனால் முதலில் வீட்டிலுள்ள மற்ற எல்லாப் போன்களிலும் புளூடூத்தை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். பாதிப் புகார் இதிலேயே தீர்ந்துவிடும்.

புதிதாக இணைக்க, போனை ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரின் புளூடூத் பட்டனை மூன்று முதல் ஐந்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சில மாடல்களில் பவர் பட்டனோ 'எம்' என்ற மோட் பட்டனோதான் இந்த வேலையைச் செய்யும். பெரும்பாலான மாடல்களில் விளக்கு வேகமாக மின்னினால் தயார். மெதுவாக மின்னினால் பழைய போனைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆண்ட்ராய்டு போனில் மேலிருந்து திரையை இழுத்து புளூடூத்தை ஆன் செய்தால் மட்டும் போதாது. அந்த ஐகானையே அழுத்திப் பிடித்து, 'பேர் நியூ டிவைஸ்' (Pair new device) பக்கத்துக்குப் போய், பட்டியலில் ஸ்பீக்கரின் பெயரைத் தொட வேண்டும். 2007-இல் வந்த புளூடூத் 2.1 பதிப்புக்குப் பிந்தைய கருவிகள் பொதுவாகப் பின் நம்பர் கேட்பதில்லை. பழையது கேட்டால் 0000 போட்டுப் பாருங்கள், அல்லது 1234.

கெட்டுப்போனது என்று பலரும் முடிவுகட்டும் இடம் அடுத்தது. இணைப்பு தகராறு செய்தால் போனில் 'ஃபர்கெட்' (மறந்துவிடு) கொடுக்கிறோம், அல்லது ஸ்பீக்கரை ரீசெட் செய்கிறோம். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் மற்றப் பக்கத்தில் பழைய சாவி தங்கிவிடும். இரண்டும் ஒத்துப்போகாததால் 'தவறான பின்' என்றோ 'பேரிங் செய்ய முடியவில்லை' என்றோ போன் சொல்லலாம். இரண்டு பக்கமும் அழித்துவிட்டுத்தான் மறுபடி பேரிங் செய்ய வேண்டும். ரீசெட் முறை மாடலுக்கு மாடல் மாறும். பவரையும் வால்யூம் கூட்டும் பட்டனையும் சேர்த்துச் சுமார் பத்து விநாடி அழுத்துவது ஒரு வகை. புளூடூத் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்துவது இன்னொரு வகை.

கனெக்ட் ஆகியும் சத்தம் வராவிட்டால், ஸ்பீக்கர் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கர ஐகானைத் தொட்டு 'மீடியா ஆடியோ' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டுக்கு ஒரு தடம், போன் பேச்சுக்கு வேறு தடம். பேச்சுத் தடம் மட்டும் திறந்திருந்தால் அழைப்பு கேட்கும், பாட்டு கேட்காது. மைக்கைப் பிடித்து வைத்திருக்கும் ஏதாவது செயலி பின்னணியில் ஓடினால் பாட்டும் அந்தப் பேச்சுத் தடத்துக்குப் போய்த் தகர டப்பாவில் ஒலிப்பதுபோல ஆகிவிடும். மலிவு விலை ஸ்பீக்கர்களில் இன்னொன்றும் உண்டு: பென்டிரைவோ மெமரி கார்டோ செருகியிருந்தால் ஆன் ஆனதும் அதற்கே தாவிவிடும். அதைக் கழற்றுங்கள்.

பாட்டு விட்டுவிட்டு வந்தால் இடத்தை மாற்றிப் பாருங்கள். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். வைஃபையின் ஒரு பிரிவும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். நெரிசலைத் தவிர்க்கவே புளூடூத் 79 சேனல்களுக்குள் விநாடிக்கு 1,600 முறை தாவுகிறது. பத்து மீட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பது திறந்தவெளிக் கணக்கு. ஸ்பீக்கரை இரும்பு பீரோவின் பின்னால் வைத்தாலும், போனைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாலும் சிக்னல் சரிந்துவிடும். உடம்பிலுள்ள நீர் இந்த அலையை உறிஞ்சக்கூடியது. வைஃபை ரூட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலும் பலன் தெரியும்.

'சார்ஜே ஏறல' என்று வருபவற்றில் ஒரு வகையை மட்டும் சொல்ல வேண்டும். சி-டைப் துளை இருந்தும், புதுப் போனின் சார்ஜரில் இருமுனையும் சி-யாக உள்ள கேபிள் போட்டால் சில ஸ்பீக்கர்கள் உயிரே காட்டாது. அந்தத் துளைக்குப் பின்னால் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். சில காசுகளை மிச்சம் பிடிக்க அதை வைக்காமல் விடுகிறார்கள். ஒருமுனை பழைய அகலமான யுஎஸ்பி-யாக உள்ள கேபிளைச் சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் போட்டால் அதே ஸ்பீக்கர் ஒழுங்காகச் சார்ஜ் ஆகும்.

பெட்டியில் வாட் கணக்கைக் கொட்டை எழுத்தில் போடும் தயாரிப்பாளர்கள், ரீசெட் முறையை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் ஆங்கிலத்தில் அச்சிட்டு, முதல் நாளே குப்பைக்குப் போகிற தாளில் வைக்கிறார்கள். எந்தப் பட்டனை எத்தனை விநாடி அழுத்த வேண்டும், எந்தக் கேபிள் பொருந்தும் என்ற இரண்டு வரியை ஸ்பீக்கரின் அடியில் ஒட்டும் ஸ்டிக்கரிலேயே தமிழிலும் போடட்டும். விற்பனையாளர்களும் பில் போடுமுன் வாடிக்கையாளரின் போனிலேயே ஒருமுறை இணைத்து, துண்டித்து, மறுபடி இணைத்துக் காட்டலாம். கடையின் டெமோ போனில் இணைத்துக் காட்டியிருந்தால் அந்தப் பேரிங்கை அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

— ஒலிக்கருவி பழுதுபார்ப்பவர், திண்டுக்கல்