நீலி கதைய முழுசா சொல்றேன் கேளு

கண்ணு,

நேத்து நீ போன்ல சொன்னதுலேருந்து எனக்கு மனசே ஆறல. நீ செஞ்ச வேலைய இன்னொருத்தர் பேர்ல காமிச்சிருக்காங்கன்னு மீட்டிங்ல கேட்டிருக்க, கேக்கும்போதே குரல் ஒடஞ்சு கண்ணு கலங்கிடுச்சு, ஒடனே ஒருத்தர் நீலிக்கண்ணீர் வடிக்காதீங்கன்னு சொல்ல மத்தவங்க சிரிச்சாங்கன்னியே. அந்தாளுக்கு நீலி யாருன்னு தெரிஞ்சிருக்காது.

திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர்க் கதை அது. சொல்றவங்களுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் மாறும், ஆனா நடு விஷயம் ஒண்ணுதான். கட்டுன புருஷனே அவள காட்டுக்குக் கூட்டிட்டுப் போய் கொன்னுட்டான். அடுத்த பிறவில அவன் வணிகனா அந்த வழியா வரான், இவ பேயா பின்னாடியே வரா, ஒரு கள்ளிக் கொப்ப ஒடிச்சு கொழந்தையா மாத்தி இடுப்புல வச்சுக்கிட்டு ஊர்ச் சபைல நின்னு இவர் என் புருஷன், என்ன விட்டுட்டுப் போறாருன்னு அழறா. அவன் இது பேய்னு கதறுறான். அங்க இருந்த 70 வேளாளரும் உன் உயிருக்கு நாங்க பொறுப்புன்னு அவனுக்கு வாக்கு குடுத்து ரெண்டு பேரையும் ஒண்ணா தங்க வச்சாங்க. விடிஞ்சு பாத்தா அவன் பொணம். வாக்கு தவறிடுச்சேன்னு 70 பேரும் தீயில எறங்கிட்டாங்க.

இதுல ஊரு எத ஞாபகம் வச்சுக்கிச்சு பாரு. அந்த 70 பேரோட வாக்கு பெருமையாச்சு, அவ அழுகை கெட்ட பேராச்சு, மொதல்ல நடந்த கொலை காணாமப் போச்சு. இது இன்னிக்கு நேத்து சமாச்சாரமும் இல்ல, 7ஆம் நூற்றாண்டு சம்பந்தர் பதிகத்துலயே "வஞ்சப் படுத்தொருத்தி வாணாள் கொள்ளும்"னுதான் வருது. அவ செஞ்ச வஞ்சம் இருக்கு, அவளுக்குச் செஞ்சது அந்த வரில இல்ல. தேவாரம் எனக்கு உயிரு, உனக்கே தெரியும், ஆனா அந்த எடம் வந்தா தொண்ட அடைக்கும்.

கண்ணகிக்கும் இதேதான். பொறுத்துப் போகச் சொல்லணும்னா கண்ணகி மாதிரி இருன்னுவாங்க, வாயத் தொறந்தா பெரிய கண்ணகி, மதுரைய எரிக்கப் போறான்னுவாங்க. எரிக்கறதுக்கு முன்னாடி அவ அரசவைல நின்னு "தேரா மன்னா"ன்னு ராஜா மொகத்துக்கு நேரா ஆரம்பிச்சாளே, அதப் பேச மாட்டாங்க. என் சிலம்புல இருக்கறது மாணிக்கம்னு இவ சொன்னா, ராணி சிலம்புல இருக்கறது முத்துன்னு பாண்டியனே ஒத்துக்கிட்டான், உடனே இவ தன் சிலம்ப ஒடச்சா, பரல் தெறிச்சு ராஜா வாய்கிட்டயே பட்டுச்சு. ஆதாரத்தோட போய் நின்னு வழக்க ஜெயிச்சவ அவ, அவ கோவத்த மட்டும் பிச்சு எடுத்து கிண்டலுக்கு வச்சுக்கிட்டாங்க. அழுதா நீலி, கோவப்பட்டா கண்ணகின்னா ஒரு பொண்ணு எப்படித்தான் நியாயம் கேக்கணுமாம்?

அழுகை வந்தா வரட்டும் கண்ணு, அதுக்காக சொல்ல வந்தத பாதில நிறுத்தாத. அந்த ரிப்போர்ட்டோட பழைய டிராஃப்ட், தேதியோட இருக்கற மெயில் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு மேல இருக்கறவங்களுக்கு எழுத்துலயே அனுப்பு, மீட்டிங்ல வந்த அந்த நீலிக்கண்ணீர் பேச்சையும் விடாத, யாரு சொன்னாங்க, யார் யார் கூட இருந்தாங்கன்னு சேத்து எழுது. அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காப்பி போடு, படிச்சுப் பாக்கறேன்.

அம்மா