ஒரு தூண் போனால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செப்டம்பர் 11 நினைவுக் கட்டுரையில், 'அவ்வளவு உயரக் கட்டடம் தீப்பிடித்தால் சரிந்துதானே ஆகும்' என்று ஒரு வரி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இருபத்தெட்டு வருஷம் சைட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். ஒரு தாங்கல் போனால் அதன் பாரம் எங்கே இறங்கும் என்று வரைபடம் போட்டவர் யோசித்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

லண்டன் ரோனன் பாயிண்ட் அடுக்குமாடிக் குடியிருப்பு விபத்து உங்களுக்குத் தெரியாததல்ல. 1968 மே மாதம், 22 மாடிக் கட்டடத்தின் 18-ஆவது மாடியில் கேஸ் வெடித்தது. முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் சுவர்களை அடுக்கி நிறுத்திய கட்டடம் அது. ஒரு சுவர் பிய்த்துக்கொண்டு போனதும் மேலே இருந்தவற்றுக்குப் பிடிமானமில்லை. அந்த மூலை முழுக்கச் சரிந்தது. நியூயார்க்கில் விமானமே மோதாத, உலக வர்த்தக மையத்தின் 47 மாடி ஏழாம் எண் கட்டடமும் 2001 செப்டம்பர் 11 அன்றே விழுந்ததே! தீயின் சூட்டில் நீளம் கூடிய பீம்கள், ஒரு பெரிய பீமை அது உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தள்ளிவிட்டன. தளங்கள் விழுந்தன. பக்கப் பிடிப்பு இழந்த ஒரு தூண் வளைந்தது; அதிலிருந்து மொத்தமும் போயிற்று.

எங்கள் அப்பா கொத்தனார். செட்டிநாட்டு வீடுகளில் வளவுத் தூணின், அதாவது நடு முற்றத்துத் தூணின், அடி இற்றுப்போனால் உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, தூணை மாற்றிவிடுவார். கூரை அசையாது. பக்கத்துத் தூண்கள் தாங்கிக்கொள்ளும்.

இப்போது காரைக்குடியில் ஒருவர், ஷோரூம் வாசல் அகலமாக வேண்டுமென்று நாலு மாடிக் கட்டடத்தின் கீழ்ப் பில்லரை எடுத்துவிட்டார். பீமில் விரிசல். விரிசல் அகன்றால் உடைந்து காட்டிக்கொடுக்கட்டும் என்று குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்தேன். நான்காம் நாள் காலையில் அது இரண்டாகக் கீறிக் கிடந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். "விழணும்னு விதி இருந்தா விழும் அண்ணே" என்றார். உங்கள் வரியைப் படித்தால் அவருக்கு இன்னும் தெம்பு வந்துவிடும்.

2014-இல் மௌலிவாக்கத்தில் 11 மாடி விழுந்து 61 பேர் செத்தபோதும் இடி, மழை என்றுதான் முதலில் பேச்சு. அப்போது நான் எழுதிய இரண்டு கடிதங்களும் வெளிவரவில்லை. சரி, அது பழைய கதை.

அந்த வரிக்கு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். கட்டடத்தில் பில்லரை எடுக்குமுன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேளுங்கள் என்று கூடவே ஒரு வரி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சைட் சூப்பர்வைசர்,
காரைக்குடி