'கவனக்குறைவு' என்று எழுதும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சமையலறையில் கரப்பான்பூச்சி ஸ்பிரே அடித்துத் தீக்காயமடைந்த பெண்ணைப் பற்றிய உங்கள் செய்தி, 'கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்' என்று முடிந்திருந்தது. நான்கு வரிச் செய்தியில் ஒரு வரி அவரைக் குற்றம் சொல்வதற்குப் போய்விட்டது. அந்த டப்பாவில் மருந்தைப் பீய்ச்சி அடிப்பது பியூட்டேனும் புரொப்பேனும், அதாவது சமையல் எரிவாயுவில் இருப்பவையே என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதை எழுத இடமில்லையா?

அந்தப் பெண் என் அக்கா. அவர் கவனமாகத்தான் இருந்தார். அடுப்பை அணைத்துவிட்டே பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே மருந்தடித்து, அலமாரிக் கதவைச் சாத்தினார். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கலைந்து போகாமல் கீழேயே தேங்கி நிற்கும். சற்று நேரம் கழித்து அடுப்பைப் பற்றவைத்தபோது தீ அவர் காலடியிலிருந்து எழுந்தது. முழங்கால் வரை வெந்துபோனது. இதில் எது கவனக்குறைவு, ஐயா?

பதறி ஓடிவந்தவர்கள் புண்ணில் பற்பசையை அப்பினார்கள். மருத்துவமனையில் அதைக் கழுவி எடுத்தபோது அவர் பட்ட வேதனையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதே பற்பசை வைத்தியத்தை உங்கள் வார இணைப்பு 'வீட்டுக் குறிப்பு' என்று வெளியிட்டது. மறுத்து எழுதினேன், பதிலே இல்லை. சிறுவர்கள் ஸ்பிரேயில் தீ வைத்து விளையாடும் காணொளியை உங்கள் இணையதளம் வேடிக்கையாகக் காட்டியபோதும் எழுதினேன். உங்களை நம்பிப் படிக்கும் ஒருத்திக்கு இது வலிக்காதா?

'50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது, காலியான பிறகும் துளையிடவோ எரிக்கவோ கூடாது' என்ற எச்சரிக்கை டப்பாவின் முதுகில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள்ளேயே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். வயதானவர்கள் அதை எந்தக் கண்ணாடி போட்டுப் படிப்பார்கள்? அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் உற்பத்தியாளரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பிறகு அடுப்பங்கரைப் பெண்ணைக் குறைசொல்லுங்கள்.

இப்போதைக்குக் கட்டம் கட்டிய ஒரு சிறு செய்தி போதும். ஸ்பிரே அடித்தால் கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், வாயு வெளியேறும்வரை நெருப்போ சுவிட்சோ வேண்டாம். தீப்பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரத்தை உடனே கழற்றுங்கள். பனிக்கட்டி, எண்ணெய், பற்பசை எதுவும் கூடாது. இதை வார இணைப்பில், அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி