இறங்கப் பழகு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய புது சைக்கிள் படங்களை அப்பாவும் நானும் பார்த்தோம். அப்பாவுக்கு நிறம் ரொம்பப் பிடித்துவிட்டது. நான் படத்தைப் பெரிதாக்கிப் பின்சக்கரத்துப் பல்லைத்தான் பார்த்தேன். பெரிய பல்சக்கரத்தில் 28 பல் போலத் தெரிகிறது. இங்கே சிங்கப்பூரில் மண்டாய்க்கும் லிம் சூ காங்குக்கும் அது தாராளம். கலிபோர்னியாவில், உன் பக்கத்து சாந்தா குரூஸ் மலைக்குப் போதாது. கடையில் சொல்லி 34 பல் போட்டுக்கொள், ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்கும், கூடவே நீளமான செயின் வேண்டுமா என்றும் கேள். முட்டி உனக்கு இன்னும் நாற்பது வருஷம் உழைக்க வேண்டும்.

அலுவலக நண்பர்களோடு அந்தப் பெரிய சுற்றுக்குப் போகிறேன் என்று சொன்னாய் அல்லவா, பழைய லா ஹோண்டா ரோட்டில் ஏறி, சான் கிரகோரியோ வழியாகக் கடலுக்குப் போய், டூனிடாஸ் கிரீக் ரோட்டில் மறுபடி ஏறி, கிங்ஸ் மவுண்டன் ரோட்டில் உட்சைடுக்கு இறங்குவது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது.

நீ ஏறுவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என் கவலை எல்லாம் இறக்கம்தான்.

இந்த ஊரில் சைக்கிள் பழகியவர்கள் எல்லாருக்கும் இந்தக் குறை உண்டு. நம் தீவிலேயே உயரமான புக்கிட் தீமா 163.63 மீட்டர். ஃபேபர் மலையில் திரும்பத் திரும்ப ஏறி, சவுத் புவன விஸ்டா வளைவுகளில் மூச்சு வாங்கி, காலையும் நெஞ்சையும் பழக்கிவிடலாம். நீ அப்படித்தான் பழகினாய், தேசிய சேவை முடிந்து வந்தபோது என்னைவிட வேகமாக ஏறினாய். ஆனால் ஃபேபரில் இறக்கம் என்பது என்ன? கையைப் பிரேக்கில் வைத்து மூச்சு விடுவதற்குள் அடிவாரம் வந்துவிடும். ஒரு வளைவில் சரியாகத் திரும்பவில்லை என்றால் அடுத்த வளைவில் திருத்திக்கொள்ள அங்கே அடுத்த வளைவே இல்லை. கிங்ஸ் மவுண்டன் ரோடு ஆறு கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து இறங்குகிறது. கை சோர்ந்து, கண் சோர்ந்து, மனசு "இன்னும் எவ்வளவு" என்று கேட்க ஆரம்பித்த பிறகும் வளைவுகள் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சோர்வோடு பிரேக் பிடிப்பது தனிப் பழக்கம். அதை இங்கே யாரும் உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது, என்னையும் சேர்த்து. நான் அதை உன் வீட்டில் தங்கியிருந்த கோடையில், அந்த மலையில்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் பிரேக். இங்கே உன் பழைய சைக்கிளில் வலது கை பிடித்தால் முன்சக்கரம் நிற்கும். அமெரிக்காவில் கடைகளில் விற்கும் சைக்கிளில் இடது கைதான் முன் பிரேக், விதியே அப்படி. பழக்கதோஷத்தில் 'பின் பிரேக்' என்று நினைத்து இடது கையை இறுக்கினால் இறக்கத்தில் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இன்று மாலையே வீட்டுக்கு முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நட, ஒவ்வொரு லீவராகப் பிடித்துப் பார். உன் கை அதைத் தானாகச் செய்கிற வரைக்கும் மலைக்குப் போகாதே. இதை நான் அம்மாவாகக் கேட்கிறேன்.

அப்புறம், அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. தெருவில் ஓட்ட நீ பழகிவிட்டாய். மலையில் அதற்கு வேறு விளைவு உண்டு. வலது வளைவில் வேகம் மிஞ்சினால் சைக்கிள் உன்னை வெளிப்பக்கம் தள்ளும், அதாவது எதிரே கார் வரும் பாதைக்குள். நம் ஊரில் ஆபத்து இடது வளைவில் என்று உடம்பு பழகி வைத்திருக்கிறது, அங்கே நேர் எதிர். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடு. வளைவுக்குள் போன பிறகு பிடிக்காதே. வெளிப்பக்கத்துப் பெடலைக் கீழே இறக்கி அதில் உடம்பின் பாரத்தை ஊன்று. கை ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் இருக்கட்டும், லீவரை இழுக்க அங்கேதான் விரலுக்குப் பலம் அதிகம். கண் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற ரோட்டைப் பார்க்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தைத் தேட வேண்டும். நீ பார்க்கும் பக்கம்தான் சைக்கிள் போகும்.

பெரிய சுற்றுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை விடிந்ததும் உட்சைடில் இருந்து கிங்ஸ் மவுண்டன் ரோட்டில் மட்டும் ஏறிவிட்டு, அதே ரோட்டில் இறங்கு. ஏறும்போது மெதுவாகத்தானே போவாய், ஒவ்வொரு வளைவையும் பார்த்து வை. எங்கே தார் வெடித்திருக்கிறது, எங்கே சரளை சிதறியிருக்கிறது, எந்த வளைவு முடிவதுபோல் காட்டி இன்னும் இறுகுகிறது என்று. வழியில் ஹடார்ட் பார்க் வாசல் வரும். இறங்கும்போது அங்கே நிறுத்திக் கையை உதறிக்கொள். நிற்பதில் வெட்கம் எதற்கு?

பழைய லா ஹோண்டாவைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, நீ அதை ரசிப்பாய். சுமார் ஐந்தரை கிலோமீட்டர் தூரம், 390 மீட்டர் ஏற்றம். புக்கிட் தீமாவை இரண்டு முறை அடுக்கினாலும் அந்த உயரம் வராது. சின்னப் பாலத்தைத் தாண்டியதும் ரோடு குறுகி மரங்களுக்குள் நுழைந்துவிடும். அங்கே ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். நம் ஊரில் இருவர் இருவராக ஐந்து வரிசை வரை போகலாம் என்ற பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதே. அந்த ரோட்டில் ஏறு, இறங்காதே. ஒரு கார் வந்தாலே ஒதுங்க இடம் தேட வேண்டிய அகலம், கீழிருந்து மேலே எப்போதும் யாராவது சைக்கிளில் வந்துகொண்டிருப்பார்கள்.

அந்த அடிவாரத்தில், போர்ட்டோலா வேலி, உட்சைடு பகுதியில்தான் சான் அன்ட்ரியாஸ் பிளவு ஓடுகிறது. இந்த மலைகளை உயர்த்தியதில் அந்தப் பிளவுக்குப் பங்கு உண்டு. 1989இல் வந்த லோமா பிரீட்டா நிலநடுக்கத்தின் மையமும் இந்த மலைத்தொடருக்குள்தான் இருந்தது. பூமி ஆடாத ஊரில் வளர்ந்த நமக்கு அது மனசில் பதிவதில்லை.

பழைய லா ஹோண்டாவில் ஏறும்போது ஓர் இடத்தில் மூச்சு வாங்க நின்றேன். ரோட்டோரம் பெரிய அடிமரம் ஒன்று, நம் சாப்பாட்டு மேசையைவிட அகலம், மேற்பரப்பு மக்கிக் கறுத்துப் பஞ்சுபோல் ஆகியிருந்தது. அதைச் சுற்றி வட்டமாக ஏழெட்டு ரெட்வுட் மரங்கள், ஒவ்வொன்றும் நேராக வானத்துக்கு. வெட்டிய மரத்தின் வேரிலிருந்து முளைத்த பிள்ளைகள் அவை. தங்க வேட்டைக் காலத்தில் 1849க்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோ வளர்ந்தபோது இந்த மலைகளின் பழைய மரங்களில் பெரும்பகுதியை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நீ இப்போது நிழலில் ஓட்டப்போகும் காடு பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்தது. நான் தண்ணீர் குடிப்பதையும் மறந்து அந்த வட்டத்துக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே ஸ்கைலைன் ரோட்டைத் தாண்டினால் பழைய லா ஹோண்டாவின் மேற்குப் பக்கம். காடு விலகிப் புல்வெளி வரும், நாள் தெளிவாக இருந்தால் கடல் தெரியும். காட்சி அழகு, ரோடு ஒட்டுப்போட்டது. காட்சியைப் பார்க்க வேண்டுமானால் நிறுத்திவிட்டுப் பார்.

சான் கிரகோரியோவில் 1889 முதல் இருக்கிற பலசரக்குக் கடை உண்டு. அன்று திறந்திருக்குமா என்று முன்னாலேயே பார்த்துக்கொள். மண்டாய் முடித்துவிட்டு காசுவரினா ரோட்டில் ரொட்டி பிராட்டாவும் தே தாரிக் தேநீரும் கிடைப்பதுபோல் அங்கே திரும்பிய பக்கமெல்லாம் கடை கிடையாது. தண்ணீர் இரண்டு போத்தல், சாப்பிட ஏதாவது சட்டைப்பையில். பல இடங்களில் போன் சிக்னலும் இருக்காது, அதனால் எந்த வழியாகப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அறைத்தோழனிடம் சொல்லிவிட்டுப் போ.

காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். பிற்பகலில் கடலோரம் வடமேற்குக் காற்று பலமாக வீசும், சான் கிரகோரியோவிலிருந்து வடக்கே வரும்போது அது முகத்திலேயே அடிக்கும். களைத்த பிறகு அந்தக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

டூனிடாஸ் எனக்கு மிகவும் பிடித்த ரோடு. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் ஏறுகிறது. முதலில் வயல்வெளி, அப்புறம் ஓடையை ஒட்டி ரெட்வுட் காட்டுக்குள் நுழைந்து செங்குத்தாகும், மேலே போகப் போகச் சாய்வு இளகும். நான் போனது ஜூலை. அந்தப் பக்கம் ஜூலையில் மழை மிக அபூர்வம். ஆனாலும் மரத்தடியில் ரோடு நனைந்து கிடந்தது. கடலின் மேலே குளிர்ந்த மூடுபனி மலைச்சரிவுக்கு வரும்போது ரெட்வுட் இலைகள் அந்த ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகின்றன. மழை இல்லாத மாதங்களில் அந்த மரங்கள் உயிர்வாழ அதுவும் ஒரு வழி. உனக்கு அது வழுக்கல். உதிர்ந்த இலைக்குச்சிகள் ஈரத்தோடு ரோட்டின் நடுவே படிந்திருக்கும், சக்கரம் ஓடிய தடத்தில் மட்டும் தார் தெரியும், அந்தத் தடத்திலேயே போ. வெயிலும் நிழலும் மாறி மாறி அடிக்கிற இடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டால் பள்ளம் தெரியாது, நிறமில்லாத கண்ணாடி போட்டுக்கொள்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே வியர்த்தால் வியர்த்தபடியே வீடு வரலாம். அங்கே ஏறி வியர்த்த ஜெர்சியோடு இறக்கத்தில் காற்று பட்டால் பத்து நிமிஷத்தில் விரல் மரத்துவிடும், மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. மடித்துப் பையில் வைக்கிற காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று வாங்கு. மேலே நின்று, ஜிப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு பிறகு இறங்கு. உன் ஊரில் 30 டிகிரி இருக்கும்போதே கடலோரத்தில் 14, 15 இருக்கும்.

ரோட்டோரச் செடியில் கை வைக்காதே, ஒதுங்கப் போனாலும் பார்த்துப் போ. மூன்று மூன்று இலையாக, சில சமயம் சிவந்து பளபளப்பாக இருப்பது பாய்சன் ஓக். பட்டால் பலருக்குத் தோல் கொப்புளமாகி வாரக்கணக்கில் அரிக்கும்.

கார்க்காரர்கள் சைக்கிளைத் தாண்டும்போது மூன்று அடியாவது விட வேண்டும் என்று அங்கே 2014 முதல் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், பின்விளக்கைப் பகலிலும் எரியவிடு. வார இறுதியில் ஸ்கைலைனிலும் 84ஆம் நெடுஞ்சாலையிலும் மோட்டார் சைக்கிள்கள் பறக்கும்.

இன்னொரு நாள், அவசரமில்லாமல், 9ஆம் நெடுஞ்சாலை வழியாக பிக் பேசினுக்குப் போய் வா. 1902இல் அமைந்த பூங்கா, கலிபோர்னியா மாநிலப் பூங்காக்களிலேயே பழையது. 2020 ஆகஸ்டில் மின்னலில் பற்றிய தீ அதில் பெரும்பகுதியை எரித்துவிட்டது. 2022இல்தான் ஒரு பகுதியைத் திறந்தார்கள். நான் பார்த்தபோது அடிமுதல் நுனிவரை கரியாக இருந்த மரங்களின் உடம்பெங்கும் பச்சைத் தளிர் அடர்ந்து கிளம்பியிருந்தது. ரெட்வுட்டின் பட்டை ஓர் அடி வரை கனம் இருக்கும், தீ எளிதில் உள்ளே போகாது, பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் முளைத்துவிடும். நீ அதை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மழைக்காலம் தொடங்கிவிட்டால் மண்சரிவில் ரோடுகளை மூடுவார்கள், அதற்கு முன்னால் போ.

செப்டம்பரில் இரண்டு வாரம் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்போது கடலோரத்தில் மூடுபனி குறைவாக இருக்கும் என்கிறார்கள். அப்பா காரில் சான் கிரகோரியோவுக்கு வந்து காத்திருப்பதாகச் சொல்கிறார். எனக்கு 50 அளவு ஃபிரேம் உள்ள சைக்கிள், டிஸ்க் பிரேக், பின்னால் 34 பல். வாடகைக்கு எங்கே கிடைக்கும், ஒரு நாளுக்கு எவ்வளவு என்று விசாரித்து வை. வரும்போது உனக்கு முறுக்கும் மிளகாய்த்தூளும் கொண்டுவருகிறேன், வேறு ஏதாவது தேக்கா சந்தையிலிருந்து வேண்டுமென்றால் இப்போதே எழுது.

34 மாற்றியதும் படம் அனுப்பு.

அன்புடன்,
அம்மா