சிலைக்கு முன்னால் ஒரு மன்னிப்பு

நியூயார்க் மாநகராட்சிக்கும் மாநகரக் காவல்துறைக்கும்,

வணக்கம். கறுப்பின ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேவுக்கு உங்கள் நகரின் குயின்ஸ் பகுதியில் சிலை வைக்கப்போவதாக 2019-ல் அறிவித்தீர்கள். நல்ல காரியம். அதே ஆண்டு ஜூனில், தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடிய ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் 1969-ல் நடந்த போலீஸ் சோதனைக்காகக் காவல் ஆணையர் மன்னிப்புக் கேட்டார். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஷெரிடன் சதுக்கத்து நிலவறையில்தான் கஃபே சொசைட்டி என்ற இரவு கிளப் இருந்தது. அங்கே பாடிய பில்லியிடம் மட்டும் ஏன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை?

அந்த கிளப்பின் கதை உங்களுக்குத் தெரியும். செருப்பு வியாபாரம் பார்த்த பார்னி ஜோசப்சன் 1938 டிசம்பரில் தொடங்கியது. கறுப்பினத்தவரை மேடையில் பாடவிட்டு, வாடிக்கையாளராக வந்தால் வாசலிலேயே தடுத்த காலம் அது. இவர் எல்லோரையும் அடுத்தடுத்த மேசைகளில் உட்காரவைத்தார். ஜாக் கில்ஃபோர்டும் பிறகு ஜீரோ மோஸ்டலும் சிரிக்கவைத்த அதே மேடையில், 1939-ல் பில்லி 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடினார். இனவெறிக் கும்பல்கள் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கறுப்பினத்தவரைப் பற்றிய பாட்டு. அதற்கு முன் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். விளக்குகள் அணையும், அவர் முகத்தில் மட்டும் சின்ன வெளிச்சம். முடித்ததும் போய்விடுவார். எவ்வளவு கைதட்டினாலும் திரும்பி வரமாட்டார்.

அவருக்குத்தான் 1947 போதைப்பொருள் வழக்குக்குப் பிறகு கேபரே கார்டு, அதாவது மது விற்கும் கிளப்புகளில் கலைஞர்கள் வேலை செய்ய போலீஸ் தரும் அனுமதி அட்டை, இல்லை என்றீர்கள். சிறைத் தண்டனையை அனுபவித்துவிட்டுத்தானே வந்தார்? 1948 மார்ச்சில் அவர் பாட, கார்னகி ஹால் என்ற இசையரங்கம் நிரம்பி வழிந்தது. அங்கே பாடலாம், மது விற்கும் கிளப்பில் பாடக்கூடாது என்பது உங்கள் சட்டம். ஜாஸ் பாடகருக்கு கிளப்தானே பிழைப்பு! 1959-ல் சாகும்வரை அந்தக் கார்டு கிடைக்கவில்லை. கடைசியில் மருத்துவமனைப் படுக்கையிலேயே கைது செய்து, அறை வாசலில் காவலும் போட்டீர்கள். சாகக் கிடந்தவர் எங்கே ஓடிப்போவார்?

அவர் ஒருவர் மட்டுமல்ல. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1951-ல் கார்டை இழந்து பல ஆண்டுகள் உள்ளூர் கிளப்புகளில் வாசிக்க முடியாமல் தவித்தார். நகைச்சுவைக் கலைஞர் லார்ட் பக்லியின் கார்டை 1960-ல் பறித்தீர்கள். சில வாரங்களில் இறந்துபோனார். பாட்டுப் பாடவும் சிரிக்கவைக்கவும் கைரேகை கொடுத்து போலீஸிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று எந்த நாகரிகம் சொல்கிறது? கஃபே சொசைட்டியை மூடவைத்ததில் வாஷிங்டனின் கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. அதை உங்கள் கணக்கில் எழுதவில்லை. கார்டு உங்களுடையது. 1967-ல் அதை ஒழித்ததோடு விஷயம் முடிந்துவிடவில்லை.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன். கேட்பது ஒன்றுதான்: கார்டு மறுக்கப்பட்ட கலைஞர்களிடம், அவர்கள் பெயர்களைச் சொல்லி, எழுத்துப்பூர்வமாக மன்னிப்புக் கேளுங்கள். சிலை திறக்கும் நாளுக்கு முன்பே அதைச் செய்துவிடும்படி பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜாஸ் ரசிகன் ஒருவன்